கடல் தண்ணி ஊருக்குள்ள எவ்ளோ தூரம் வரும்? ஷாலோ வாட்டர் சிமுலேஷன் சொந்தமா எழுத ஒரு வழிகாட்டி

சுனாமி வந்தா, புயல் வந்தா, எந்தத் தெரு வரைக்கும் தண்ணி ஏறும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் நேரா ஒரு பெரிய சாஃப்ட்வேரை இறக்கி, நெட்ல கெடச்ச உயர மேப்பை உள்ள தள்ளி, நீலக் கலர்ல ஒரு வீடியோ எடுத்துடுறாங்க. வீடியோ நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல தண்ணி ஏறுன தெருவுல நிஜமாவே ஏறுமா இல்ல கணக்கு உளறுதான்னு கேட்டா சொல்லத் தெரியாது. அதனால நான் சொல்ற ரூட்டு வேற. மொதல்ல ஒரே ஒரு நேர்கோட்டுல, அதாவது ஒரு பரிமாணத்துல, சின்னதா ஒரு புரோகிராம் நீங்களே எழுதுங்க, அதை நல்லா சோதிச்சுப் பாருங்க, அப்புறம் ரெண்டு பரிமாணம், ரெடிமேட் சாஃப்ட்வேர் எல்லாம் கடைசில. பைத்தான் மொழி, அதுல அரே கணக்குக்கு இருக்கிற நம்பை லைப்ரரி, பிளஸ் டூ கால்குலஸ், ஒரு சாதாரண லேப்டாப், இவ்ளோ போதும்.

உதாரணத்துக்கு நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையை எடுத்துக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமில தமிழ்நாட்டுலயே அதிகமா உயிர் போனது நாகை மாவட்டத்துல, 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரை ஏறுனதும் இதே பக்கம். ரெண்டு வகை வெள்ளத்தையும் பாத்த கரை, தரையும் தட்டையோ தட்டை, ஸோ இந்த வேலைல வரக்கூடிய எல்லா சிக்கலும் ஒரே இடத்துல மாட்டும்.

சமன்பாடு என்ன சொல்லுது

மேல இருந்து அடித்தரை வரைக்கும் தண்ணியை ஒரு தூணா நெனச்சு, அந்தத் தூணுக்குள்ள வேகம் எல்லா ஆழத்துலயும் ஒண்ணுதான்னு வச்சுக்கிறதுதான் ஷாலோ வாட்டர் ஈக்குவேஷன். 1871ல பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர் சான் வெனான் ஆத்து ஓட்டத்துக்காக எழுதுனது, இன்னைக்கு கடலுக்கும் அதேதான். அலையோட நீளம் ஆழத்தை விட பல மடங்கு பெருசா இருந்தா இது செல்லும். வங்காள விரிகுடா நடுவுல மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம், ஆனா சுனாமி அலையோட நீளம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும், அதனால அந்தக் கடலும் இந்தக் கணக்குக்கு ஆழமில்லாத கடல்தான். பத்து செகண்டுக்கு ஒண்ணுன்னு வந்து கரைல உடையுற சாதாரண காத்தலைக்கு மட்டும் இதைக் கொண்டு போகாதீங்க, அதுக்கு வேற மாடல்.

ஒவ்வொரு இடத்துலயும் நாம கணக்கு வைக்கிறது மூணு நம்பர்: தண்ணி ஆழம், கிழக்கு மேற்கா போற உந்தம், வடக்கு தெற்கா போற உந்தம். உந்தம்னா இங்க ஆழம் பெருக்கல் வேகம், அவ்ளோதான். தரைமட்டம் நாம கொடுக்கிறது, மாறாது. விதியும் ரெண்டுதான். தண்ணி காணாமப் போகாது, புதுசா மொளைக்கவும் மொளைக்காது. உந்தம் மாறணும்னா பக்கத்துத் தண்ணியோட அழுத்தம், தரைச் சரிவு, அடித்தரை உராய்வு, புயல்னா காத்து, இதுல ஏதாவது ஒண்ணு தள்ளணும்.

அலை வேகத்துக்கு ஒரு ஃபார்முலா மட்டும் மனசுல இருக்கட்டும்: √(9.81 × ஆழம்). ஆழம் 3500 மீட்டர்னா செகண்டுக்கு 185 மீட்டர், மணிக்கு 667 கிலோமீட்டர். ஆழம் 10 மீட்டர்னா மணிக்கு வெறும் 36 கிலோமீட்டர். அந்தமான் நிக்கோபார் பக்கத்துல இருந்து நாகைக்கு 1400, 1500 கிலோமீட்டர், வகுத்துப் பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வரும், கரை கிட்ட அலை மெதுவாகுறதுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்க. அன்னைக்கு பூகம்பம் காலைல 6.28க்கு, தமிழ்நாட்டுக் கரைல அலை அடிச்சது சுமார் 9 மணிக்கு. பேப்பர்ல போட்ட ஒரு வகுத்தலே இவ்ளோ கிட்ட வருது, அதனால நடுக்கடல்ல அலை எப்பிடிப் போகும்ங்கிறதுல பெரிய கஷ்டம் இல்ல. கஷ்டமெல்லாம் தண்ணி முடிஞ்சு தரை ஆரம்பிக்கிற அந்த ஓரத்துல.

எந்த முறைல எழுதுறது

கடலையும் தரையையும் சின்னச் சின்ன கட்டமா வெட்டி கணக்குப் போடுறதுல மூணு குடும்பம் இருக்கு. ஃபைனைட் டிஃபரன்ஸ்ல ஆழத்தை கட்டத்தோட நடுவுலயும் ஓட்டத்தை கட்டத்தோட விளிம்புலயும் வச்சு மாத்தி மாத்தி முன்னேத்துவாங்க, ஜப்பான் டோஹோகு பல்கலைக்கழகத்துல உருவான டுனாமிங்கிற சாஃப்ட்வேர் இந்த வகை, எழுத ரொம்ப சுலபம், வேகமும் ஜாஸ்தி. ஃபைனைட் எலிமென்ட்ல முக்கோண வலை, ஏட்சர்க் அந்த வகை. மூணாவது ஃபைனைட் வால்யூம், ஜியோகிளாவும் அனுகாவும் இது.

புதுசா வர்றவங்களுக்கு நான் ஃபைனைட் வால்யூம்தான் சொல்லுவேன். காரணம், இது மளிகைக்கடை வரவு செலவு நோட்டு மாதிரி: ஒரு கட்டத்துல இருந்து எவ்ளோ தண்ணி வெளிய போச்சுன்னு எழுதுறீங்களோ அதே நம்பர்தான் பக்கத்து கட்டத்துல வரவா ஏறும், அதனால மொத்தத் தண்ணி தானாவே சரியா நிக்கும், எங்கயாவது இடிச்சா கணக்கு உடனே காட்டிக் குடுத்துடும். இன்னொண்ணு, வெள்ளத்தோட முன்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தா எழும்பி வரும்போது டிஃபரன்ஸ் முறைல எழுதுன சாதாரண புரோகிராம் ஆட ஆரம்பிக்கும், வால்யூம் முறை அதை அசராம தாங்கும்.

மொதல் புரோகிராம், ஒரே கோட்டுல

1000 மீட்டர் நீளம், 5 மீட்டருக்கு ஒரு கட்டம், மொத்தம் 200 கட்டம். மூணு அரே வச்சுக்குங்க: தரைமட்டம், ஆழம், உந்தம். ரெண்டு கட்டம் சந்திக்கிற ஒவ்வொரு விளிம்புலயும் எவ்ளோ தண்ணியும் எவ்ளோ உந்தமும் கடக்குதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்குப் பேரு ஃபிளக்ஸ். தண்ணி ஃபிளக்ஸ்னா ஆழம் பெருக்கல் வேகம். உந்த ஃபிளக்ஸ்னா ஆழம் பெருக்கல் வேகத்தோட வர்க்கம், கூட்டல் 9.81ல பாதி பெருக்கல் ஆழத்தோட வர்க்கம்.

விளிம்போட இடது பக்கத்துல ஒரு மதிப்பு, வலது பக்கத்துல இன்னொரு மதிப்பு இருக்கும், எதை எடுக்கிறது? சும்மா சராசரி எடுத்தா புரோகிராம் வெடிச்சிடும். இங்கதான் ரெண்டு பக்க மதிப்பையும் வச்சு விளிம்பு ஃபிளக்ஸைக் கண்டுபிடிக்கிற ரீமான் சால்வர் வருது, அதுல ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது 1983ல ஹார்டன், லாக்ஸ், வான் லீர் மூணு பேரும் கொடுத்த ஹெச்எல்எல். ரெண்டு பக்கத்துலயும் வேகம் கழித்தல் அலை வேகம் போட்டு, அதுல சின்னதை இடது எல்லை வேகம்னு வைங்க. ரெண்டு பக்கத்துலயும் வேகம் கூட்டல் அலை வேகம் போட்டு, அதுல பெருசை வலது எல்லை வேகம்னு வைங்க. இடது எல்லை வேகம் பூஜ்யத்துக்கு மேலன்னா எல்லாம் வலப்பக்கமா ஓடுது, இடது ஃபிளக்ஸை அப்படியே எடுங்க. வலது எல்லை வேகம் பூஜ்யத்துக்குக் கீழன்னா வலது ஃபிளக்ஸ். நடுவுல மாட்டுச்சுன்னா, வலது எல்லை வேகம் பெருக்கல் இடது ஃபிளக்ஸ், அதுல இருந்து இடது எல்லை வேகம் பெருக்கல் வலது ஃபிளக்ஸைக் கழிங்க, அதோட ரெண்டு எல்லை வேகத்தையும் பெருக்கி வலது மதிப்பு கழித்தல் இடது மதிப்பால பெருக்கிக் கூட்டுங்க, மொத்தத்தையும் வலது எல்லை வேகம் கழித்தல் இடது எல்லை வேகத்தால வகுங்க. வார்த்தைல படிக்க நீளமா இருக்கு, புரோகிராம்ல நாலு வரி.

அப்புறம் நேரத்தை சின்னச் சின்ன அடியா முன்னேத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும்: புது மதிப்பு = பழைய மதிப்பு − (நேர அடி ÷ கட்ட அகலம்) × (வலது விளிம்பு ஃபிளக்ஸ் − இடது விளிம்பு ஃபிளக்ஸ்). நேர அடி எவ்ளோ பெருசா வைக்கலாம்னு 1928லயே கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி சொல்லிட்டாங்க: ஒரு அடில அலை ஒரு கட்டத்தைத் தாண்டிடக் கூடாது. நடைமுறைல கட்ட அகலத்தை, வேகம் கூட்டல் அலை வேகத்தோட உச்ச மதிப்பால வகுத்து, அதுல 0.9 பங்கு எடுத்துக்குங்க, ரெண்டு பரிமாணம் (2டி) போனா 0.45. இதை ஒவ்வொரு அடிலயும் திரும்பக் கணக்குப் போடணும், ஆரம்பத்துல ஒரு தடவை போட்டு விட்டுட்டா வெள்ளம் வேகம் எடுக்கும்போது எல்லாம் குப்பையாயிடும்.

சும்மா நிக்கிற தண்ணி சும்மா நிக்கணும்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு பகுதியத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. மேடு பள்ளமா தரை, மேல சமமா நிக்கிற தண்ணி, காத்து இல்ல, அலை இல்ல. என்ன நடக்கணும்? ஒண்ணும் நடக்கக் கூடாது. ஆனா மேல சொன்ன புரோகிராம்ல தரைச் சரிவை நேரடியா ஒரு தனி விசையா சேத்தீங்கன்னா தண்ணி தானா ஓட ஆரம்பிக்கும். அழுத்த வித்தியாசம் தண்ணியை ஒரு பக்கம் தள்ளுது, சரிவு எதிர்ப்பக்கம் தள்ளுது, நிஜத்துல ரெண்டும் துல்லியமா கேன்சல் ஆகும், கம்ப்யூட்டர்ல ஒண்ணை விளிம்புலயும் இன்னொண்ணை கட்டத்து நடுவுலயும் கணக்குப் போடுறதால கொஞ்சம் மிச்சம் நிக்கும். அந்த மிச்சம் பொய் அலையா சுத்தும். நடுக்கடல்ல 2004 சுனாமியோட உயரமே ஒரு மீட்டருக்குள்ளதான், அடித்தரையோ கிலோமீட்டர் கணக்குல ஏறி இறங்குது, ஸோ பொய் அலை நிஜ அலையை முழுங்கிடும்.

இதுக்கு மருந்து, சுனாமி வந்த அதே 2004ல வெளியான ஹைட்ரோஸ்டாடிக் ரீகன்ஸ்ட்ரக்ஷன், ஒடுஸ், புஷு, பிரிஸ்டோ, க்ளைன், பெர்தாம்னு அஞ்சு பேர் எழுதுனது. செய்ய வேண்டியது இதுதான். விளிம்புல ரெண்டு பக்கத் தரைமட்டத்துல எது உசரமோ அதை விளிம்பு தரைமட்டம்னு வைங்க. ரெண்டு பக்கமும் நீர்மட்டத்துல இருந்து அந்த விளிம்பு தரைமட்டத்தைக் கழிங்க, வர்றதுதான் புது ஆழம், மைனஸ் வந்தா பூஜ்யம். வேகத்தை மாத்தாதீங்க. இந்தப் புது ஆழத்தை வச்சு ஹெச்எல்எல் ஃபிளக்ஸ் கண்டுபிடிங்க. கடைசியா இடது கட்டத்துக்குப் போற உந்த ஃபிளக்ஸ்ல, 9.81ல பாதி பெருக்கல் (அந்தக் கட்டத்தோட பழைய ஆழத்தின் வர்க்கம் − புது ஆழத்தின் வர்க்கம்) கூட்டுங்க, வலது கட்டத்துக்கு அதோட ஆழங்களை வச்சு அதே மாதிரி. சரிவு விசைன்னு தனியா எதுவும் எழுத வேண்டாம், இதுக்குள்ளயே வந்துடுச்சு.

இதுல ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. தண்ணிக்கு மேல தலை நீட்டிக்கிட்டு இருக்கிற மேட்டையும் இது பாத்துக்கும், கடல்மட்டத்தை விட உசரமான தரைக்கு பக்கத்து கட்டத்துல இருந்து தண்ணி தாவாது. ஒரு குறை மட்டும் உண்டு: செங்குத்தான சரிவுல மெல்லிசா தண்ணி வழியும்போது, கட்டமும் பெருசா இருந்தா, சரிவோட இழுப்பை இது குறைச்சுக் காட்டும். மலைச் சரிவு வெள்ளத்துக்கு இது பிரச்சினை, நாகைக்கு இல்ல.

காஞ்ச தரை

வேகம் வேணும்னா உந்தத்தை ஆழத்தால வகுக்கணும். ஆழம் 0.00001 மீட்டர்னா? உந்தத்துல துளி பிசகு இருந்தாலும் வேகம் ராக்கெட் மாதிரி ஏறி, நேர அடி சுருங்கி, புரோகிராம் அங்கயே உக்காந்துடும். அதனால ஒரு வரம்பு வைங்க, சோதனைக்கு 1 மில்லிமீட்டர், ஊர் மேப்புக்கு 1 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம். வரம்புக்குக் கீழ போனா வேகம் பூஜ்யம், தண்ணியை மட்டும் அப்படியே விட்டுடுங்க. ஆழம் மைனஸ்ல போச்சுன்னா பூஜ்யம் ஆக்குற ஒரு வரியை சேத்துட்டு நிம்மதியா தூங்கப் போயிடாதீங்க, அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணியை சும்மா உருவாக்குது. நேர அடி சரியா இருந்தா மேல சொன்ன முறைல மைனஸ் வரவே கூடாது, வந்தா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

ஒரு பக்கம் காஞ்சு கெடந்தா ஹெச்எல்எல் எல்லை வேகத்தையும் மாத்தணும். வலப்பக்கம் காஞ்ச தரைன்னா வலது எல்லை வேகம் = இடப்பக்க வேகம் + 2 × இடப்பக்க அலை வேகம், இடது எல்லை வேகம் = இடப்பக்க வேகம் − இடப்பக்க அலை வேகம். இடப்பக்கம் காஞ்சிருந்தா இதைத் திருப்பிப் போடுங்க.

உராய்வுக்கு, தரை எவ்ளோ சொரசொரப்புன்னு சொல்ற மேனிங் எண். இதையும் நேரடியா கழிச்சீங்கன்னா மெல்லிசு தண்ணில உராய்வு தண்ணியை பின்னாடி ஓட வச்சிடும், நடக்காத காரியம். அதனால வகுத்தலா போடணும்: புது உந்தம் = உந்தம் ÷ (1 + நேர அடி × 9.81 × மேனிங்கோட வர்க்கம் × வேகத்தோட அளவு ÷ ஆழத்தோட 4/3 அடுக்கு). எண்ணுக்கு, கடல் அடித்தரையும் மணலும் 0.025 பக்கம், வயல்வெளி 0.03ல இருந்து 0.04, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மாதிரி அடர்த்தியான இடத்துக்கு 0.1ஐத் தாண்டியும் வைப்பாங்க.

சோதனை, விடை தெரிஞ்ச கணக்குல

ஊர் மேப்பைத் தொடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாஸ் ஆகணும், நான் இதுல கறாரு.

நடுவுல ஒரு தீவு, சுத்தி நிக்கிற தண்ணி, ஒரு மணி நேரம் ஓட விடுங்க. உச்ச வேகம் 10ன் அடுக்கு −12 மாதிரி ஒண்ணுமில்லாத நம்பரா இருக்கணும். 0.01னு வந்தா திரும்ப மேல போய் விளிம்பு கணக்கைப் பாருங்க.

அடுத்தது அணை உடைப்பு. சமதரை, உராய்வு இல்ல, இடப்பக்கம் 1 மீட்டர் தண்ணி, வலப்பக்கம் காஞ்ச தரை, நடுச்சுவரை டக்குனு எடுத்துடுறோம். ரிட்டர் 1892லயே இதுக்கு விடை எழுதிட்டாரு: சுவர் இருந்த இடத்துல ஆழம் எப்பவும் 4/9 பங்கு, அதாவது 0.444 மீட்டர், அங்க வேகம் 2.09, வெள்ளத்தோட மூக்கு செகண்டுக்கு 6.26 மீட்டர்ல ஓடும். உங்க புரோகிராம்ல மூக்கு கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், அது எல்லாருக்கும் வர்றது, ஆனா கட்டத்தைப் பாதியாக்குனா வித்தியாசம் குறையணும். குறையலன்னா பக்.

மூணாவது எனக்குப் பிடிச்சது, 1981ல தாக்கர் கொடுத்த கிண்ணம். பரவளைவு வடிவக் கிண்ணத்துல தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சலாடும், மேல்மட்டம் எப்பவும் நேர்கோடு, ஓரத்துல தரை நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு வரும். நடுவுல 10 மீட்டர் ஆழம், அரை அகலம் 3000 மீட்டர்னா ஒரு முழு ஆட்டத்துக்கு 1346 செகண்ட். அஞ்சு ஆட்டம் ஓட விட்டுப் பாருங்க, நேரம் சரியா இருக்கும், ஆனா ஆட்டத்தோட வீச்சு குறைஞ்சுக்கிட்டே வரும். உராய்வே வைக்கலையே, எங்க போச்சு சக்தி? முறையே தின்னுடுச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரே மதிப்புன்னு வைக்கிற நம்ம முறைக்கு, அதாவது முதல் நிலை முறைக்கு, இந்த வியாதி உண்டு, ஊருக்குள்ள இதோட போனா தண்ணி நிஜத்தை விட கம்மி தூரம்தான் ஏறும், பாதுகாப்பு மேப்புக்கு அது தப்பான பக்கத்துத் தப்பு.

அதுக்குத்தான் இரண்டாம் நிலை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் மதிப்பு ஒரே சமமா இருக்குன்னு வைக்காம ஒரு சரிவு இருக்குன்னு வைக்கிறது, சரிவு அளவுக்கு மீறி போகாம மின்மாட்னு ஒரு கடிவாளம், நேரத்துல ரெண்டு அடியா எடுத்து சராசரி போடுற ஹியூன் முறை. முக்கியமா சரிவை ஆழத்துக்குப் போடாம நீர்மட்டத்துக்குப் போடுங்க, இல்லன்னா நிக்கிற தண்ணி சோதனை மறுபடி ஃபெயில் ஆகும். காஞ்ச கட்டத்துக்கு பக்கத்துல சரிவை பூஜ்யமாக்கிடுறது பாதுகாப்பு.

ரெண்டு பரிமாணம்

புதுசா பெருசா ஒண்ணும் இல்ல, அதே விளிம்பு கணக்கை கிழக்கு மேற்குக்கு ஒரு தடவை, வடக்கு தெற்குக்கு ஒரு தடவை. விளிம்புக்கு இணையா போற உந்தத்தை தண்ணி ஃபிளக்ஸ் சுமந்துக்கிட்டுப் போகும், தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கத்து வேகத்தால பெருக்கிடுங்க. லூப் எழுதாம முழு அரேயா நம்பைல எழுதுங்க, இல்ல பைத்தான் லூப்பை வேகமாக்குற நம்பா போடுங்க.

செலவைப் பாத்துக்குங்க. 5 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர், 10 மீட்டர் கட்டம், மொத்தம் 5 லட்சம் கட்டம். ஆழம் 10 மீட்டர், ஓட்டம் செகண்டுக்கு 5 மீட்டர்னா நேர அடி 0.3 செகண்ட், ரெண்டு மணி நேர வெள்ளத்துக்கு 24,000 அடி. லேப்டாப்புக்கு இது தாங்கும். கட்டத்தைப் பாதியாக்குனா கட்டம் நாலு மடங்கு, அடி ரெண்டு மடங்கு, வேலை எட்டு மடங்கு. இதே 10 மீட்டர் கட்டத்தோட 3500 மீட்டர் ஆழக்கடலையும் சேத்துடலாம்னு நெனச்சீங்கன்னா நேர அடி 0.02 செகண்டுக்கு வந்துடும், ராத்திரி பூரா ஓடும். ஆழக்கடலுக்கு பெரிய கட்டம், கரைக்கு சின்ன கட்டம்னு அடுக்கடுக்கா வைக்கிறது இதனாலதான்.

2டிக்கு நல்ல பரீட்சை மொனாய் பள்ளத்தாக்கு. 1993ல ஜப்பான் ஒகுஷிரி தீவுல சுனாமி 30 மீட்டருக்கு மேல ஏறுன இடம், அதை 400ல ஒரு பங்கா சுருக்கி அலைத்தொட்டில செஞ்சு அளந்தாங்க, அந்த டேட்டா இலவசமா கெடைக்கும். 5.488 மீட்டருக்கு 3.402 மீட்டர், 1.4 சென்டிமீட்டர் கட்டம், 392க்கு 243. மூணு இடத்துல அளந்த நீர்மட்டத்தோட உங்க கோட்டை ஒண்ணு மேல ஒண்ணு வரைஞ்சு பாருங்க.

தரை டேட்டா, நிஜமான தலைவலி

புரோகிராம் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் தரை தப்புன்னா எல்லாம் தப்பு. கடலுக்கு ஜெப்கோங்கிற உலகக் கடலடி மேப், 15 ஆர்க் செகண்ட், அதாவது ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர், ஆழக்கடலுக்கு போதும், கரை ஓரத்துல நம்பாதீங்க, அங்க கடற்படை சார்ட்டோ நேர்ல அளந்ததோ வேணும். நிலத்துக்கு எல்லாரும் மொதல்ல எடுக்கிறது எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரில விண்கலத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்தது, 30 மீட்டர் கட்டம். ரேடார் தரையைப் பாக்கல, மரத்தலையையும் மாடியையும் பாத்துச்சு. நாகை கரை ஓரம் சவுக்குத் தோப்பு நீளமா இருக்கு, அது அந்த மேப்புல கரை நெடுக மண்மேடு கட்டுன மாதிரி நிக்கும், உங்க சிமுலேஷன்ல தண்ணி அதுல முட்டி கடலுக்கே திரும்பிடும், ஊர் பத்திரம்னு படம் வரும்! தரையே கடல்மட்டத்துல இருந்து சில மீட்டர்தான் உசரம்ங்கிற ஊர்ல, டேட்டாவோட பிசகும் சில மீட்டர்னா எதைக் கணக்குப் போடுறது. மரத்தையும் கட்டடத்தையும் கழிச்ச ஃபேப்டெம் பரவாயில்ல, ஐரோப்பாவோட கோபர்நிக்கஸ் 30 மீட்டர் உயர டேட்டால இருந்து செஞ்சது. விமானத்துல இருந்து லேசர் வச்சு எடுத்த லைடார் கெடச்சா வேற எதையும் பாக்காதீங்க.

அடுத்த பொறி உயரத்தோட பூஜ்யம் எங்கங்கிறது. சார்ட்ல ஆழம் அளக்கிறது தாழ்ந்த ஓதமட்டத்துல (கடல் வத்தும்போது நிக்கிற மட்டம்) இருந்து, எஸ்ஆர்டிஎம் உயரம் இஜிஎம்96 ஜியாய்டுல (புவியீர்ப்பை வச்சு கணிச்ச கடல்மட்டப் பரப்பு) இருந்து, கோபர்நிக்கஸ் இஜிஎம்2008ல இருந்து, ஜிபிஎஸ் உயரம் நீள்வட்டகோளத்துல (பூமிக்குக் கணக்கா வச்ச வழவழப்பான வடிவம்) இருந்து. உலகத்துலயே ஜியாய்டு ரொம்பப் பள்ளமான இடம் இலங்கைக்குத் தெற்க, −106 மீட்டர், அந்தப் பள்ளத்தோட சரிவுலதான் நம்ம கரையும் இருக்கு. நாகை கடற்கரைல ஜிபிஎஸ் கருவியை வச்சு திருத்தாத உயரத்தை எடுத்தா 80 மீட்டருக்கும் மேல மைனஸ்ல காட்டும். அவ்ளோ பெரிய தப்பு கண்ணுல பட்டுடும், ஆபத்து அரை மீட்டர் தப்புதான். எல்லாத்தையும் சராசரி கடல்மட்டத்துக்கு கொண்டு வந்துட்டு அப்புறம் ஒட்டுங்க.

கடைசியா க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல மேப்பை விரிச்சு வச்சு கையால திருத்துற வேலை. 30 மீட்டர் கட்டத்துக்கு மூணு மீட்டர் அகல வரப்போ, உப்பளக் கரையோ, ரோட்டு மேடோ தெரியாது, வாய்க்காலும் தெரியாது. தண்ணி உள்ள வர்றதே கடுவையாறு முகத்துவாரம், வேதாரண்யம் கால்வாய் மாதிரி வழியாதான், அது மேப்புல அடைஞ்சு கெடந்தா தோண்டி விடுங்க, பாலத்தை ரேடார் அணைன்னு நெனச்சிருக்கும், அதை வெட்டி விடுங்க. ரோட்டு உச்சியோட உயரத்தை அந்தக் கட்டங்கள்ல தனியா ஏத்துங்க. சலிப்பான வேலைதான், ஆனா ரிசல்ட்டை அதிகமா மாத்துறது இதுதான், ரெண்டாம் நிலையா மூணாம் நிலையான்னு சண்டை போடுற நேரத்தை இங்க செலவழிக்கலாம்.

கடல் பக்கம் என்ன கொடுக்கிறது

சுனாமின்னா ஆரம்பத்துலயே பூகம்பத்துல இருந்து தொடங்க வேண்டாம். கரைக்கு வெளிய 20, 30 மீட்டர் ஆழத்துல நீர்மட்டம் நேரத்தோட எப்பிடி மாறுச்சுன்னு ஒரு பெரிய மாடல்ல இருந்து வாங்கி அதை எல்லைல கொடுங்க. ஆனா நீர்மட்டத்தை அப்படியே ஆணி அடிச்ச மாதிரி திணிச்சா, கரைல பட்டு திரும்பி வர்ற அலை வெளிய போக வழியில்லாம எல்லைல மோதி மறுபடி உள்ள வரும், அரை மணி நேரத்துல கணக்கு நாறிடும். ஃபிளாதர் நிபந்தனை போடுங்க: நீங்க எதிர்பார்த்த நீர்மட்டத்துக்கும் உள்ள இருக்கிற நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை √(9.81 ÷ ஆழம்) ஆல பெருக்கி வேகத்துல சேக்கிறது, திரும்பி வர்ற அலை தானா வெளிய போயிடும். பூகம்பத்துல இருந்தே தொடங்கணும்னா 1985ல ஒகாடா கொடுத்த ஃபார்முலால கடல்தரை எவ்ளோ எழும்புச்சுன்னு கண்டுபிடிச்சு அதை நீர்மட்டமா வைப்பாங்க.

புயலுக்கு ரெண்டு விசை. காத்தழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் குறைஞ்சா கடல் சுமார் 1 சென்டிமீட்டர் எழும்பும், 30 குறைஞ்சாலும் 30 சென்டிமீட்டர்தான். பெரிய வேலை காத்தோடது. செகண்டுக்கு 30 மீட்டர் காத்து, அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் நீளத்துக்கு கரையைப் பாத்து தள்ளிக்கிட்டே இருக்குன்னு வைங்க, ஆழம் 50 மீட்டர்னா தண்ணி 20 சென்டிமீட்டர் சொச்சம் ஏறும், ஆழம் 10 மீட்டர்னா ஒரு மீட்டரைத் தாண்டும். பாக் விரிகுடா மாதிரி ஆழமில்லாத கடல்ல ஓரளவு புயலே கடலை ஊருக்குள்ள தள்றது இதனாலதான். காத்து எல்லா இடத்துலயும் எவ்ளோன்னு தெரிய, புயலோட பாதையும் மைய அழுத்தமும் வச்சு 1980ல வந்த ஹாலண்ட் மாடல் போடலாம். இந்திய வானிலைத் துறை சொல்ற வேகம் 3 நிமிஷ சராசரி, அமெரிக்க ஏஜென்சி சொல்றது 1 நிமிஷம், கலந்து போட்டுடாதீங்க. ஓதத்தோட நேரத்தையும் பாருங்க, நாகைல ஓத வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் கம்மிதான், ஆனா தட்டைத் தரைல அரை மீட்டரே பல நூறு மீட்டர் தூரம்.

ரெடிமேட்

இவ்ளோ தூரம் வந்துட்டா மத்தவங்க எழுதுனதை நம்பிக்கையா ஓட்டலாம். பைத்தான் பழகுனவங்களுக்கு அனுகா, ஆஸ்திரேலியால எழுதுனது, முக்கோண வலை, தெருவுக்கு சின்ன முக்கோணம் வயலுக்கு பெருசுன்னு வைக்கலாம். பூகம்பத்துல இருந்து கரை வரைக்கும் ஒரே ஓட்டமா வேணும்னா ஜியோகிளா, அலை போற இடத்துல கட்டத்தைத் தானே சின்னதாக்கிக்கும். புயல் அலைக்கு ஏட்சர்க், ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) எச்சரிக்கைக்கு வச்சிருக்கிறதும் அதுதான், கத்துக்க நாள் ஆகும். நெதர்லாந்து டெல்டாரெஸ் நிறுவனத்தோட எஸ்ஃபிங்க்ஸ், அப்புறம் தனியா லிஸ்ஃபிளட், ரெண்டும் சமன்பாட்டுல சில உறுப்பைத் தூக்கிட்டு வேகத்தைப் பிடிக்கிற வகை, மெதுவா ஏறுற புயல் வெள்ளத்துக்கு நல்லாவே போதும், சுனாமி தெருவுக்குள்ள பாயுற வேகம் வேணும்னா முழு சமன்பாட்டுக்கே போங்க. 3 மீட்டருக்குக் கீழ இருக்கிற எல்லா இடத்துக்கும் நீலம் அடிக்கிற பாத்டப் மேப் இருக்கே, அதை சிமுலேஷன்னு சொல்லாதீங்க, தண்ணி வர்றதுக்கு வழியும் நேரமும் வேணும்ங்கிறதே அதுல கெடையாது.

எதை ஓட்டுனாலும் மேல சொன்ன நிக்கிற தண்ணி சோதனையை உங்க சொந்த தரை மேப் மேலயே ஒரு தடவை ஓட்டுங்க.

வெளிய எடுக்கிறது

ஒவ்வொரு கட்டத்துக்கும் உச்ச ஆழம், உச்ச வேகம், ஆழம் பெருக்கல் வேகத்தோட உச்சம், தண்ணி மொதல்ல தொட்ட நேரம், இந்த நாலும் வேணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமிச்ச படத்துல இருந்து உச்சத்தை எடுக்காதீங்க, நடுவுல வந்து போன உச்சம் தப்பிச்சிடும், ஒவ்வொரு நேர அடிலயும் புரோகிராமுக்குள்ளயே உச்சத்தை அப்டேட் பண்ணுங்க. மொத்தத் தண்ணி அளவையும், எல்லை வழியா உள்ள வந்தது வெளிய போனதையும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே வாங்க, ரெண்டும் டேலி ஆகலைன்னா அந்த ரன்னை யாருக்கும் காட்டாதீங்க.

அப்புறம் அதே ரன்னை மேனிங் எண்ணை கூட்டி ஒரு தடவை, குறைச்சு ஒரு தடவை, தரையை அரை மீட்டர் இறக்கி ஒரு தடவை ஓட்டி, தண்ணி நின்ன ஓரக்கோட்டை எல்லாம் ஒரே மேப்புல வரைங்க. தட்டையான ஊர்ல அந்தக் கோடுகளுக்கு நடுவுல ஒரு முழு தெருவே விழும், அந்தத் தெருவுக்கு தண்ணி வரும்னும் வராதுன்னும் எழுதாம தனி நிறம் கொடுங்க. 10 சென்டிமீட்டருக்குக் கீழ ஆழம் வர்ற கட்டத்துக்கு நீலம் அடிக்காதீங்க. மேப்போட மூலைல எந்த உயர டேட்டா, எந்த பூஜ்ய மட்டம், கட்டம் எத்தனை மீட்டர், ஓதம் எவ்ளோன்னு சேத்துட்டு கொடுங்க, அது இல்லாத மேப் யார் கொடுத்தாலும் திருப்பிக் கேளுங்க.